மூன்று நிறத்தில் ஒரு மணப்பெண்

மதுரை,
கார்த்திகை, ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள ராஜி,

நீ போனில் கேட்டதற்கு வாய்ஸ் மெசேஜிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மூச்சுவிடாமல் ஒன்பது நிமிஷம் பேசியதை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, குக்கர் விசில் அடித்ததும் பாதியில் விட்டுவிட்டுப் போவாய். இது எனக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது. உன் மகள் காவ்யா நிச்சயத்துக்கு உனக்கும் அவளுக்கும் நீயே மேக்கப் போடுவதா, அல்லது அந்தப் பார்லர்காரி கேட்கிற 15,000 ரூபாயை எண்ணிக் கொடுப்பதா என்பது ஒன்பது நிமிஷத்தில் முடிகிற பேச்சா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்.

முதலில் ஊர்க்கதை. போன புதன்கிழமை நம்ம மல்லிகா மகள் ரிசப்ஷன். பந்தி பிரமாதம், அதை அப்புறம் சொல்கிறேன். பிள்ளை நல்ல லட்சணம். மல்லிகாவின் மூக்கு, அவள் அப்பாவின் மாநிறம். மேடையில் பார்த்தால் முகம் ரோஸ், கழுத்து சந்தனம், கை மட்டும்தான் அவர்கள் வீட்டு நிறம். மூன்றையும் மூன்று பெண்களிடமிருந்து வாங்கி ஒட்டின மாதிரி இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "பொண்ணு வடக்க உள்ளவளா?" என்று கேட்டது. "இல்லப்பா, செல்லூர்" என்றேன். நம்பவில்லை.

போட்டோ எடுக்க மேலே போனபோது அந்தப் பிள்ளை என் காதில், "அத்தை, மூணு மணி நேரம் உக்கார வச்சாங்க. ரொம்பச் சிரிக்காதீங்க, கோடு விழுந்துரும்னு சொன்னாங்க" என்றாள். கல்யாணத்தன்றைக்குச் சிரிக்கக் கூடாதாம்! நான் எடுத்த படத்தில் ஃபிளாஷ் பட்டு நெற்றியும் கண்ணுக்குக் கீழேயும் சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்தப் படத்தை மல்லிகாவுக்கு நான் அனுப்பவில்லை. உனக்கும் அனுப்ப மாட்டேன், கேட்காதே.

ஆனால் நான் சிரிக்க யோக்கியதை இல்லாதவள். 1994-ல் என் கல்யாணத்துக்கு அலங்காரம் பண்ண வந்த அக்காவை நினைவிருக்கிறதா? தகரப்பெட்டியைத் திறந்து ரோஸ் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கன்னத்திலும் அறைந்த மாதிரி அப்பினாள். அறைக்குள் வந்த எங்க அப்பத்தா என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "என்னாடி, வள்ளி திருமணம் நாடகத்துக்கா கெளம்பிட்ட?" நீதான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாய். ஆல்பத்தில் இன்றைக்கும் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்பத்தா சொன்னது கேலிதான், ஆனால் விஷயம் அதற்குள்ளேயே இருக்கிறது. நாடகக்காரர்கள் பூசினதை அரிதாரம் என்று சொல்கிறோமே, அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமத்தின் பெயர். முகத்தில் விஷத்தையே பூசியிருக்கிறார்கள், பாவம். விடிய விடிய பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கடைசி வரிசைக்காரனுக்கும் கண்ணும் வாயும் தெரிய வேண்டுமே. சினிமா வந்ததும் விளக்கு இன்னும் பெரிதானது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி எழுதும்போது, அங்கே லாரி லாரியாகப் பான்கேக் பூச்சு வாங்கினதைச் சொல்வார். மேக்கப் அறைக்குள் நாலா பக்கமும் எரிகிற பல்புகள், அந்தச் சூட்டில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நடிகர்கள். அந்த விளக்குக்கு அந்தப் பூச்சு சரி. அதையே கொஞ்சம் மெலிதாக்கி, மண்டபத்து எல்.இ.டி. வெளிச்சத்தில் நாலடி தூரத்தில் நின்று பேசுகிறவர்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால்? மல்லிகா மகள்தான்.

ஆகவே ராஜி, எதையும் வாங்குவதற்கு முன்னால் கண்ணாடியை இடம் மாற்று. உன் வீட்டுக் கண்ணாடி பீரோவில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. அந்த வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுந்து, இல்லாத கருவளையத்தையும் காட்டும். நீயும் அதை மறைக்க இன்னொரு கை அப்புவாய். நான் ஒரு கைக்கண்ணாடியை அடுப்படி ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன். முகம் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும், முதுகு அல்ல. பாதி மேக்கப் அங்கேயே மிச்சமாகிவிடும்.

தினப்படிக்கு நான் பண்ணுவதைச் சொல்கிறேன். ஆபீஸுக்கு 9.10 பஸ், எனக்குக் கிடைப்பது ஏழு நிமிஷம். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். அப்புறம் சன்ஸ்கிரீன். இதில் நாம் எல்லோருமே கஞ்சர்கள். பட்டாணி அளவு எடுத்துத் தடவிவிட்டு, "எனக்கு ஒத்துக்கல, கருத்துட்டேன்" என்கிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு பிழிந்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். எஸ்.பி.எஃப். 30 என்றால், சுடுகிற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே, அளவைக் கூட்டு.

உனக்கும் எனக்கும் கன்னத்தில் மங்கு வந்துவிட்டது அல்லவா, அதற்கு ஒரு சங்கதி. மங்கைக் கருக்க வைப்பது வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான். அதைத் தடுப்பது நிறம் கலந்த சன்ஸ்கிரீனில் இருக்கிற இரும்பு ஆக்ஸைடு. வெள்ளை சன்ஸ்கிரீன் நம் நிறத்துக்கு விபூதி பூசின மாதிரி நிற்கும். நிறம் கலந்தது அப்படி நிற்காது, லேசான பவுண்டேஷன் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். தினப்படிக்கு எனக்கு வேறு பவுண்டேஷனே கிடையாது.

கருவளையத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பெண்கள் செய்கிற முதல் தப்பு, அதன் மேல் வெளுத்த கன்சீலரைப் போடுவது. நீலம் ஓடின கருப்பின் மேல் வெளுப்பு விழுந்தால் சாம்பல்தான் வரும். மல்லிகா மகளின் கண்ணுக்குக் கீழே இருந்தது அதுதான். முதலில் ஆரஞ்சு போட வேண்டும், அது நீலத்தைத் தின்றுவிடும். அதற்கு மேல்தான் தோல் நிறக் கன்சீலர், அரிசி மணி அளவு. 2015-ல் அமெரிக்காவில் இருக்கிற தீபிகா முத்யாலா என்ற நம் நாட்டு வம்சாவளிப் பெண், கண்ணுக்குக் கீழே சிவப்பு லிப்ஸ்டிக்கைத் தடவி, அதன் மேல் கன்சீலர் போட்டுக் காட்டின வீடியோ உலகம் முழுக்க ஓடியது. என் மகள் அதைக் காட்டியபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் திருட்டுத்தனமாக நானே செய்து பார்த்தேன். வேலை செய்கிறது! ஆனால் ஆரஞ்சு கரெக்டர் தனியாகவே கிடைக்கும்போது லிப்ஸ்டிக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். மோதிர விரலால் தட்டு, தேய்க்காதே. அந்த விரலுக்குத்தான் அழுத்தத் தெரியாது.

காம்பேக்ட் மூக்கு, நெற்றி நடு, முகவாய் இந்த மூன்று இடத்துக்கு மட்டும். இது மதுரைக் கணக்கு. இங்கே வேர்வை ஆறாக ஓடும். நீ இருக்கிற புனேயின் தை மாதக் காற்றுக்கு உன் தோல் வெடித்துக் கிடக்கும்; அதன் மேல் பவுடர் போட்டால் காய்ந்த கண்மாய் மாதிரி பாளம் பாளமாகத் தெரியும். நீ மூக்கோடு நிறுத்திக்கொள்.

இனி கண். வெள்ளெழுத்து வந்த பிறகு மை போடுவதைப் போல ஒரு சோதனை உண்டா? கண்ணாடியைப் போட்டால் இமை எட்டாது, கழற்றினால் இமையே தெரியாது. நான் கண்டுபிடித்த வழி: கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேல் வழியாகக் கையை விட்டு, ஒரு கண்ணை முடித்துவிட்டு அடுத்தது. இவர் முதல் தடவை பார்த்துவிட்டு, "கணக்குப்பிள்ளை கண்ணுக்கு மை போடுறார்" என்றார். போகட்டும். கீழ் இமையில் மை வைத்தால் ஒரு மணி நேரத்தில் கன்னத்துக்கு இறங்குகிறதே, அதற்கு முன்னால் அங்கே துளி பவுடர், மை வைத்த பின் அதன் மேல் காபிப் பொடி நிற ஐ ஷேடோவைப் பஞ்சுக்குச்சியால் ஒற்று. நகராது. நம் வயதுக்கு மேல் இமையும் கொஞ்சம் சரிந்துவிட்டது, அதனால் ஐலைனர் நூல் மாதிரி இருந்தால் போதும். வால் எங்கே முடிய வேண்டும் என்பதை, கண்ணைத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டே புள்ளி வை. கண்ணை மூடி வரைந்தால் மூடினபோது அழகாக இருக்கும், திறந்தால் வால் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

லிப்ஸ்டிக்கை விரலில் எடுத்து உதட்டில் ஒற்று, மிச்சத்தைக் கன்னத்தில் ஒற்று. முடிந்தது. நம் நிறத்துக்குச் செங்கல், நாவல்பழம், கருஞ்சிவப்பு எல்லாம் பேசும். அந்த வெளிறின ரோஸை மட்டும் தொடாதே, காய்ச்சலில் விழுந்து எழுந்தவள் மாதிரி காட்டும். ஹாஸ்டலில் பதினொரு பேர் காசு போட்டு லாக்மே லிப்ஸ்டிக் ஒன்று வாங்கினோமே, அப்போது தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1952-ல் டாடா ஆரம்பித்த கம்பெனி அது. பாரிஸில் 1883-ல் அரங்கேறின ஓர் இசைநாடகத்தின் பெயரை வைத்தார்கள். அந்த லாக்மே யார் என்றால் நம்ம லக்ஷ்மிதான், பிரெஞ்சுக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டாள். வார்டன் அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டபோது இது தெரிந்திருந்தால், "மேடம், வெள்ளிக்கிழமை, லக்ஷ்மியைக் கேட்கிறோம்" என்றிருக்கலாம்.

பொட்டு. என் பக்கத்து சீட்டுக்காரிக்கு நெற்றி நடுவில் மிளகு அளவு வெள்ளை விழுந்துவிட்டது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினாள். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கிற ஒரு ரசாயனம் சிலருக்கு அந்த இடத்து நிறத்தையே அழித்துவிடுமாம். அவளும் இருபது வருஷமாக ஒரே இடத்தில், ராத்திரியும் கழற்றாமல் ஒட்டியிருக்கிறாள். நீயும் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து மறுபடி எடுத்து ஒட்டுகிற ஜாதிதானே? விசேஷத்துக்கு மட்டும் ஸ்டிக்கர், தினப்படிக்குக் குங்குமம். அரித்தால் அன்றைக்கே நிறுத்து.

இனி நிச்சயத்துக்கு வா. காவ்யாவுக்கு வெளுக்கிற க்ரீம் ஒன்றை உன் நாத்தனார் சிபாரிசு செய்திருக்கிறாள் என்றாயே, அதை முதலில் குப்பையில் போடு. 2023-ல் கேரளத்தில் மலப்புரம் பக்கம் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை விசாரித்ததில், பலர் பேர் தெரியாத வெளுப்பு க்ரீம் பூசியிருந்தார்கள், அதில் பாதரசம். ஸ்டீராய்டு கலந்ததும் கடையில் கிடைக்கிறது. முதல் மாதம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து சிவந்து போகும். 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. நாத்தனார்கள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. காவ்யா உன் நிறம், உன் அம்மாவின் நிறம். மாப்பிள்ளை வீடு பார்த்துப் பிடித்துப்போய்த்தானே வருகிறார்கள்?

பவுண்டேஷன் ஒன்றுதான் நீ யோசித்து வாங்க வேண்டியது. கடைப்பெண் உன் மணிக்கட்டைப் பிடித்து அதில் கோடு போடுவாள். மணிக்கட்டு வெயில் படாத இடம், முகத்தைவிட வெளுப்பு. கையை இழுத்துக்கொண்டு தாடையைக் காட்டு. பக்கத்துப் பக்கத்தில் மூன்று கோடு, தாடையிலிருந்து கழுத்துக்கு. உடனே முடிவு பண்ணாதே. கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் நின்று, ஒரு கால் மணி நேரம் காய்கறி வாங்கு. சில பவுண்டேஷன் முகத்து எண்ணெயோடு சேர்ந்து சற்று நேரத்தில் ஒரு பிடி கருத்துவிடும். நான் இதைக் கற்றுக்கொள்ள 700 ரூபாய் தண்டம் அழுதேன். அந்தக் குப்பி இன்னும் பீரோவில் என்னைப் பார்த்து முறைக்கிறது.

நிச்சயத்தன்றைக்கு வரிசை முக்கியம். ரவிக்கையை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், அதன் மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுப் பட்டன் மாட்டுங்கள். முகம் முடிந்த பிறகு ரவிக்கையைத் தலைவழியாக நுழைத்துக் கழுத்துப்பட்டையில் பவுண்டேஷனைத் தீற்றின கதை எங்க மதினிக்கு நடந்தது. 4,000 ரூபாய் ஆரி வேலை. பட்டுப்புடவை கடைசியில்.

ஸ்பாஞ்சை நனைத்து ஒட்டப் பிழிந்து, புள்ளி புள்ளியாக வைத்ததை ஒற்று. முகத்து நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போகும்போது ஒன்றுமில்லாமல் கரைய வேண்டும். கரைந்தால் கழுத்துக்குத் தனியாகப் பூசவே தேவையில்லை. நிறம் சரியில்லாதவர்களுக்குத்தான் கழுத்துக்கும் காதுக்கும் பூசுகிற வேலை. மச்சம் தெரிந்தால் தெரியட்டும். காவ்யாவின் முகவாய் மச்சத்தை யாராவது மறைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அரக்குப் புடவை, மயில்கழுத்து பார்டர் என்றாய். இமைக்கு மயில்கழுத்து நிறம் போடலாமா என்று நீ அடுத்துக் கேட்பாய். வேண்டாம். செப்பு நிறம் இமை முழுக்க, மடிப்பில் காபி, இமை நடுவில் மட்டும் விரல் நுனியால் ஒரு பொட்டு தங்கம். ஜரிகை பளபளக்க, அதோடு அந்தப் பொட்டும் பளபளக்கும், போதும். உதட்டுக்கு அரக்கு. அதை ஒரு தடவை பூசி, டிஷ்யூவை உதட்டால் கவ்வி எடுத்து, மறுபடி பூசினால் பந்தி வரைக்கும் நிற்கும். ரசம் குடித்த பிறகு யாருக்கும் நிற்காது.

மஸ்காரா வாட்டர்ப்ரூஃபாக இருக்கட்டும். தாம்பூலத் தட்டு மாற்றும்போது நீ அழுவாய். அழ மாட்டேன் என்று என்னிடம் சொல்லாதே, பத்தாம் கிளாஸ் பிரிவு உபசார விழாவிலேயே முதல் ஆளாக அழுதவள் நீ. முந்தானையால் துடைக்காமல், டிஷ்யூவை மடித்து இமைக்குக் கீழே ஒற்று. கையில் இருக்கிற மஸ்காரா எப்போது வாங்கினது? நிறையக் குப்பிகளின் பின்னால் மூடி திறந்த டப்பா படம் சின்னதாக இருக்கும், உள்ளே 6எம், 12எம் என்று. திறந்து அத்தனை மாதம்தான் ஆயுள். மஸ்காரா அதற்கும் முன்னாலேயே, மூன்று மாதத்தில் குப்பைக்குப் போக வேண்டும். கண்ணில் படுகிற பொருள்.

மருதாணியைக் கோனில் வாங்குவதானால் பத்தே நிமிஷத்தில் கருப்பாகச் சிவக்கும் என்கிறதைத் தொடாதே. அது தலைச்சாயத்து ரசாயனம், கை கொப்பளித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இலை பறித்து அரைத்ததாக இருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே வை. எடுத்த அன்றைக்கு ஆரஞ்சாக இருக்கும், பதறாதே. மறுநாள்தான் அது உண்மையான நிறத்துக்கு வரும்.

எல்லாவற்றையும் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடு. முந்தின ஞாயிறு சாயங்காலம் இருவரும் முழுசாகப் போட்டுக்கொண்டு, இருட்டில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடு. சாம்பல் தெரிந்தால் வெள்ளை சன்ஸ்கிரீனோ வெள்ளைப் பவுடரோதான் குற்றவாளி, அன்றைக்கு இரண்டையும் விட்டுவிடு. ராத்திரி எத்தனை மணியானாலும் தேங்காய் எண்ணெயைத் தடவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முகம் கழுவிப் படு.

நிறம் கலந்த சன்ஸ்கிரீன் ஒன்றும் ஆரஞ்சு கரெக்டர் ஒன்றும் கொரியரில் வருகிறது, இரண்டும் புதுசு. லிப்ஸ்டிக் அனுப்பவில்லை, பதினொரு பேர் கதையே நமக்கு ஆயுசுக்கும் போதும். சனிக்கிழமை பகலில் கடைக்குப் போய்விட்டு, தாடையில் மூன்று கோட்டோடு ஒரு படம் எடுத்து அனுப்பு. ஃபில்டர் போட்டால் தெரியும் எனக்கு. மூன்றில் எந்தக் கோட்டைக் காணோமோ, அதுதான் உன்னுடையது.

உன்,
செல்வி

பி.கு.: 1990-ல் ஆண்டு விழாவுக்கென்று வாங்கிப் போன என் முத்து ஜிமிக்கி உன்னிடம்தான் இருக்கிறது. அரக்குப் புடவைக்கு எடுப்பாக இருக்கும், போட்டுக்கொள். போட்டோவில் பார்த்துவிட்டு அப்புறம் திருப்பிக் கேட்கிறேன்.